நுரையீரல் திசுவில் பூஞ்சையைக் கண்டறிதல்: ஓர் எளிய விளக்கம்

நாம் ஒவ்வொரு நாளும் மூச்சோடு சேர்த்துப் பூஞ்சை வித்துகளையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவே உடையவை. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல், நுரையீரலின் கடைசி அறைகளான நுண்காற்றுப்பைகள் வரை அவை எளிதாகச் சென்றுவிடுகின்றன. உடல்நலம் உள்ளவரிடம் அங்கே காவலிருக்கும் பெருவிழுங்கணுக்கள் அவற்றை விழுங்கி அழித்துவிடும். ஆகையால் ஒருவருடைய சளியில் பூஞ்சை வளர்ந்தது என்ற செய்தி மட்டும் அவருக்குப் பூஞ்சை நோய் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பூஞ்சை மூச்சுக்குழாயில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். நுரையீரலைத் துளைத்துக்கொண்டும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல, நுரையீரலின் ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு நிகரான வழி இன்னும் வரவில்லை.

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்து வெள்ளணுக்கள் சரிந்திருப்பவர்கள், உறுப்பு மாற்றோ எலும்பு மஜ்ஜை மாற்றோ செய்துகொண்டவர்கள், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்கள், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோருக்குக் காய்ச்சலும் இருமலும் தணியாமல் நீடித்து, சி.டி. படத்திலும் நுரையீரலில் முடிச்சோ குழியோ தெரியும்போது பூஞ்சை பற்றிய ஐயம் எழுகிறது. இதற்கு நேர்மாறான சூழலும் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரின் நுரையீரலில் தற்செயலாகத் தென்பட்ட சிறு முடிச்சைப் புற்றுநோயோ என்று அஞ்சி வெட்டி எடுத்த பிறகு, உள்ளே இருப்பது பூஞ்சை என்று தெரியவருவது அப்படிப்பட்டது. பூஞ்சைச் சுவரின் கூறுகளை ரத்தத்தில் தேடும் கேலக்டோமேனன், பீட்டா-டி-குளூக்கன் ஆகிய சோதனைகள் இப்போது பரவலாக இருக்கின்றன. அவை பெரிதும் உதவுகின்றன என்றாலும், மியூக்கோர்மைகோசிஸ் நோயை உண்டாக்கும் மியூக்கோர் என்ற பூஞ்சைக் குழுவை இரண்டுமே காட்டித் தருவதில்லை.

ஆய்வுகளில் நோயாளிகளை ஒரே அளவுகோலால் வகைப்படுத்துவதற்காக ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வகுத்து 2020-இல் திருத்திய வரையறை, உடலை ஊடுருவும் பூஞ்சை நோயை உறுதியானது, நிகழ்தகவு மிக்கது, சாத்தியமானது என்று மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதற்படியை எட்டுவதற்கு, திசுவில் பூஞ்சை கண்ணால் காணப்பட வேண்டும், அதனருகில் திசு சிதைந்திருப்பதும் தெரிய வேண்டும். அல்லது இயல்பாகக் கிருமியற்றதாக இருக்கவேண்டிய இடத்திலிருந்து முறைப்படி எடுத்த மாதிரியில் பூஞ்சை வளர வேண்டும். மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரில் வளர்ந்தது இக்கணக்கில் சேராது, ஏனெனில் அந்த வழி வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் வழி. திசு சிதைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் இந்தப் பரிசோதனையின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது: பூஞ்சை இருக்கிறதா என்பதோடு, அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் திசு காட்டுகிறது.

திசுவை எடுப்பதும் பிரிப்பதும்

நுரையீரலிலிருந்து திசுவை எடுக்கும் வழி, நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் நோயாளி எவ்வளவு தாங்குவார் என்பதையும் பொறுத்தது. மூச்சுக்குழாய் வழியே செலுத்தும் அகநோக்கியின் நுனியிலுள்ள சிறு இடுக்கியால் கிள்ளி எடுப்பது ஒரு வழி. அதில் கிடைக்கும் துண்டு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். மார்புச் சுவரை ஒட்டிய முடிச்சாக இருந்தால், சி.டி. படத்தைப் பார்த்தபடியே வெளியிலிருந்து ஊசியைச் செலுத்தி நூல் போன்ற துண்டை எடுக்கலாம். இவை போதாதபோது, மார்பில் சிறு துளைகள் இட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவைசிகிச்சையில் ஓர் ஆப்பு அளவுக்குத் திசு எடுக்கப்படுகிறது. துண்டு பெரிதாகப் பெரிதாகக் கண்டறியும் வாய்ப்பு கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்புக்கூட்டில் தேங்குவதும், ரத்தக் கசிவும் இதில் முக்கியமானவை. பூஞ்சை நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ரத்தப் புற்றுநோயாளிகளுக்கே ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகளும் குறைந்திருக்கும் என்பதால், மிகவும் தேவைப்படுபவரிடம்தான் திசு எடுக்கவே முடியாமல் போகிறது. சிறு துண்டில் பூஞ்சை காணப்படவில்லை என்றால் நுரையீரலில் பூஞ்சையே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. இடுக்கி பட்ட இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அப்பால் அது இருந்திருக்கலாம்.

திசு வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் செய்யப்படும் ஒரு சிறு செயல், பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திசு அழுகாமல் இருக்க அதை ஃபார்மலினில் இடுவது வழக்கம். ஃபார்மலின் திசுவின் வடிவத்தைக் காப்பாற்றும், ஆனால் அதிலுள்ள பூஞ்சையைக் கொன்றுவிடும். கொன்றதை வளர்க்க முடியாது. எனவே பூஞ்சை என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், திசுவை ஃபார்மலினைத் தொடும் முன்பே இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கிருமி நீக்கிய உப்புநீரில் இட்டு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கும், மற்றதை ஃபார்மலினில் இட்டு நோயியல் ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். புற்றுநோய் என்றே எல்லோரும் நினைத்திருக்கும் நேர்வுகளில் இந்தப் பிரிவினை மறக்கப்படுவதும், முழுத் திசுவும் ஃபார்மலினுக்குள் போய்விடுவதும் அடிக்கடி நடக்கின்றன. இத்துறையில் நேரும் தவறுகளில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியதும் மிக அதிகமாக வருந்த வைப்பதும் இதுவே என்பது என் கருத்து.

நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குச் செல்லும் பகுதியோடு எதைச் சந்தேகிக்கிறோம் என்ற குறிப்பும் செல்ல வேண்டும், ஏனெனில் திசுவைக் கையாளும் முறையே அதனால் மாறும். பாக்டீரியாவைத் தேடும்போது திசுவை அரைத்துக் கூழாக்குவது வழக்கம். மியூக்கோர் குழுவின் இழைகளிலோ குறுக்குச்சுவர்கள் மிக அரிது. ஓர் இடத்தில் நசுங்கினால் நெடுந்தூரத்துக்கு உள்ளிருப்பது வடிந்து இழையே இறந்துவிடும். அதை அரைக்காமல் பொடியாக நறுக்கி மட்டுமே வளர்ப்பு ஊடகத்தில் இட வேண்டும். காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையில் அக்கறை வேறு விதமானது: வளர்ப்புத் தட்டில் அது உண்டாக்கும் வித்துகள் காற்றில் பறந்து ஆய்வக ஊழியரையே நோயாளி ஆக்கக்கூடியவை என்பதால், முன்கூட்டி எச்சரிப்பது கட்டாயம்.

சாயம் ஏற்றும் வேலை

ஃபார்மலினில் ஊறிய திசுவை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். முதலில் ஏற்றப்படுவது எல்லாத் திசுக்களுக்கும் பொதுவான ஹெமட்டாக்சிலின்–இயோசின் சாயம். உயிரணுக்களின் கருக்களை நீலமாகவும் மற்றவற்றை இளஞ்சிவப்பாகவும் காட்டும் இந்தச் சாயத்தில் சில பூஞ்சைகள் நன்றாகவே தெரியும். சில வெளிறிப்போய்க் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனாலும் திசு எப்படி எதிர்வினை காட்டியிருக்கிறது என்பதைப் படிக்க இதைவிடச் சிறந்த சாயம் இல்லை. அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் பூஞ்சையைத் தேடுவதற்கு முன் அந்த எதிர்வினையைத்தான் பார்ப்பார், ஏனெனில் எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

அதன் பிறகு வருவது வெள்ளிச் சாயம். கோமோரி 1946-இல் வேறு பயனுக்காக உருவாக்கிய மெத்தனமின் வெள்ளி முறையை, 1955-இல் குரோகாட் பூஞ்சைகளுக்கென மாற்றியமைத்தார்; இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பூஞ்சையைத் தேட முதலில் கையில் எடுக்கப்படுவது இதுதான். இதன் வேதியியல் எளிமையானது. பூஞ்சையின் சுவர் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. குரோமிக் அமிலம் அந்தச் சங்கிலிகளை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடு தொகுதிகளை வெளிக்கொணர்கிறது. அவை வெள்ளி உப்பிலிருந்து உலோக வெள்ளியைப் படியச் செய்கின்றன. படிந்த வெள்ளி கருப்பாகத் தெரிகிறது. பின்புலத்துக்குப் பச்சைச் சாயம் கொடுத்துவிட்டால், பச்சைத் தரையில் மை தீட்டியது போல் பூஞ்சையின் ஓரங்கள் எடுப்பாக நிற்கும். இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிடலாம். பரவலாகக் ‘கருப்புப் பூஞ்சை’ என்று சொல்லப்படும் மியூக்கோர்மைகோசிஸ் நோயில் பூஞ்சை கருப்பு நிறமுடையது அன்று. ரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்த சதைதான் கருத்துப்போகிறது. வெள்ளிச் சாயத்திலோ எல்லாப் பூஞ்சையும் கருப்புத்தான்.

வெள்ளிச் சாயம் உயிருள்ள பூஞ்சையையும் என்றோ இறந்துபோன பூஞ்சையையும் ஒன்றுபோலவே கருக்கச் செய்யும். இது அதன் வலிமை, குறையும் அதுவே. புற்றுநோய் என்று அஞ்சி வெட்டி எடுத்த பழைய, சுண்ணாம்பு படிந்த முடிச்சின் நடுவில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையின் செல்கள் கூட்டமாகத் தெரியலாம். வளர்ப்புச் சோதனையிலோ எதுவும் வளராது. அவை உடல் பல ஆண்டுகளுக்கு முன்பே வென்றுமுடித்த போரின் மிச்சங்கள். உடல்நலத்தோடு இருக்கும் அத்தகையவருக்குப் பொதுவாகப் பூஞ்சை மருந்து தேவைப்படுவதில்லை.

இவை தவிர பீ.ஏ.எஸ். சாயம் பூஞ்சைச் சுவரைச் செம்மையான இளஞ்சிவப்பில் காட்டும். மியூசிகார்மைன் என்ற சாயம் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையைச் சூழ்ந்துள்ள வழவழப்பான உறையைச் சிவப்பாக்கும். அந்த உறை குன்றிய வகையாக இருந்தால், அதன் சுவரிலுள்ள மெலனினைக் காட்டும் ஃபான்டானா–மேசன் சாயம் கைகொடுக்கும். காத்திருக்க நேரமில்லாத நிலையில், ஃபார்மலினில் இடாத திசுவின் ஒரு துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பூஞ்சைச் சுவரின் கைட்டினோடு பிணையும் கால்கோஃப்ளூவர் என்ற ஒளிரும் சாயத்தைச் சேர்த்தால், நிமிடங்களில் பூஞ்சை ஒளிர்வதைக் காணலாம்.

உருவம் சொல்லும் செய்தி

திசுவில் பூஞ்சைகள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் காணப்படும்: நீண்ட இழைகள், அல்லது உருண்டையான ஈஸ்ட் செல்கள். அளவை மதிப்பிட எப்போதும் கையருகில் இருக்கும் அளவுகோல், ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள சிவப்பணு.

இழைகளில் முதலில் எழும் கேள்வி, அவை ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவையா மியூக்கோர் குழுவைச் சேர்ந்தவையா என்பது. ஆஸ்பர்ஜில்லஸின் இழைகள் 3 முதல் 6 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒரே சீராக, இணையான ஓரங்களோடு, ஒழுங்கான இடைவெளியில் குறுக்குச்சுவர்களைக் கொண்டு, மரக்கவட்டையைப் போல் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்து ஒரே திசை நோக்கிச் செல்லும். மியூக்கோர் குழுவின் இழைகள் பெரும்பாலும் 6 மைக்ரோமீட்டருக்கு மேல் 20 வரையும் அதற்கு அப்பாலும் அகன்று, மெல்லிய சுவரோடு, முறுக்கி விட்ட நாடா போல் மடிந்தும் நெளிந்தும், பெரும்பாலும் செங்கோணத்தில் கிளைத்துக் காணப்படும், குறுக்குச்சுவர்கள் அரிது. வெள்ளிச் சாயத்தை அவை அவ்வளவு ஆர்வமாக ஏற்பதும் இல்லை. ஹெமட்டாக்சிலின்–இயோசினில் அவை இன்னும் தெளிவாகத் தெரிவது உண்டு.

இந்த ஒரு வேறுபாட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் மருந்து. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதன்மையாகக் கொடுக்கப்படும் வோரிகோனசோல், மியூக்கோர் குழுவின் மேல் வேலை செய்வதில்லை. அங்கே ஆம்ஃபோடெரிசின்-பி தேவை. அதோடு இறந்த சதையை அறுவைசிகிச்சையால் அகற்றுவதும் பல நேரங்களில் தேவைப்படும். ஆஸ்பர்ஜில்லஸ் வளர்ப்பில் சில நாட்களில் தலைகாட்டிவிடும் என்றாலும், ரத்தக் குழாய்களைத் துளைத்துச் செல்லும் பூஞ்சைக்கு அந்தச் சில நாட்களே போதுமானவை. திசுவைப் பார்த்த அன்றே இழை அகலமா குறுகலா என்று சொல்லிவிட முடிவது ஓர் உயிரின் விலைக்குச் சமம்.

ரத்தக் குழாயைத் துளைப்பது என்றேன். இந்த இருவகை இழைப் பூஞ்சைகளின் கொடுமையான இயல்பு அது. வெள்ளணுக்கள் குறைந்த நோயாளியின் நுரையீரலில் அவை தமனியின் சுவருக்குள் புகுந்து, உள்ளே ரத்தத்தை உறையச் செய்து, அந்தக் குழாய் ஊட்டும் பகுதி முழுவதையும் சாகடிக்கின்றன. திசுச் சீவலில், இறந்து வெளிறிய ஒரு மையமும் அதைச் சுற்றி ரத்தம் கசிந்த வளையமும் தெரியும். சி.டி. படத்தில் முடிச்சைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிவதற்கு, இந்த ரத்தக் கசிவுதான் காரணம். எதிர்த்துப் போரிட அணுக்களே இல்லாததால் அழற்சி மிகக் குறைவாக இருக்கும். இதைக் கண்டு நோய் கடுமையற்றது என்று நினைப்பது பெரும்பிழை.

அதே ஆஸ்பர்ஜில்லஸ் வேறொருவரின் நுரையீரலில் வேறு கதை சொல்லும். காசநோய் ஆறிய பின் எஞ்சிய குழிக்குள் அது பந்தாகச் சுருண்டு வளரலாம். இழைகள் அடர்ந்து கிடந்தாலும் குழியின் சுவரை அவை ஊடுருவியிருக்காது. அங்கே காற்று கிடைப்பதால், திசுவுக்குள் பொதுவாகப் பார்க்க முடியாத வித்துத் தலைகளைக்கூட அது உருவாக்கும். உருவத்தை மட்டும் வைத்தே ஆஸ்பர்ஜில்லஸ் என்று துணிந்து பெயர் சொல்லக்கூடிய அரிய வாய்ப்பு இது. ஆஸ்துமா உள்ள சிலரிடம் அது மூச்சுக்குழாய்ச் சளியில் மட்டும் தங்கி ஒவ்வாமையைத் தூண்டும். ஒவ்வாமையில் பெருகும் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் அடுக்கடுக்காக நிறைந்த கட்டிச் சளிக்குள் சிதைந்த இழைகள் ஒன்றிரண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்நோய்க்கு முதன்மை மருந்தே ஸ்டீராய்டு. ஊடுருவும் நோய் உள்ளவருக்கோ ஸ்டீராய்டு தீங்காக முடியலாம். பூஞ்சை மூவரிடமும் ஒன்றே. சிகிச்சையை மாற்றுவது அது திசுவில் இருக்கும் நிலைதான். வளர்ப்புத் தட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்ல இயலாது.

ஈஸ்ட் வடிவங்களில் அளவும் அரும்பும் விதமும் வழிகாட்டுகின்றன. ஹிஸ்டோபிளாஸ்மா 2 முதல் 4 மைக்ரோமீட்டர் மட்டுமே உள்ள நுண்ணிய முட்டை வடிவச் செல்களாகப் பெருவிழுங்கணுக்களுக்குள் கொத்துக்கொத்தாக இருக்கும். அரும்பு குறுகிய காம்பில் நிற்கும். கிரிப்டோகாக்கஸ் பெரும்பாலும் 4 முதல் 10 மைக்ரோமீட்டர் இருக்கும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அளவில் ஒழுங்கின்றி, சுற்றிலும் உறையின் வெற்றிடத்தோடு மிதப்பது போல் தோன்றும். பிளாஸ்டோமைசிஸ் 8 முதல் 15 மைக்ரோமீட்டர் அளவில், இரட்டைக் கோடிட்டது போன்ற தடித்த சுவரோடு, அகன்ற அடிப்பகுதியில் ஒட்டிய ஒற்றை அரும்பைக் காட்டும். காக்சிடியாய்டிஸ் அரும்புவதே இல்லை. 20 முதல் 60 மைக்ரோமீட்டர், சில நேரங்களில் அதைவிடவும் பெரிய உருண்டைகளாகப் பருத்து, மாதுளைக்குள் முத்துகள் போல் உள்ளே சிறு வித்துகளை நிரப்பிக்கொண்டு, முதிர்ந்ததும் வெடித்துச் சிதறும். முழு உருண்டை ஒன்றைப் பார்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

இவற்றில் பல, காசநோயைப் போலவே, நடுவில் திசு இறந்த கிரானுலோமா என்ற முடிச்சுகளை உண்டாக்குகின்றன. அதனால் நுரையீரலில் அப்படியொரு கிரானுலோமா கண்டால் காசநோய்க் கிருமிக்கான சீல்–நீல்சன் சாயத்தையும் வெள்ளிச் சாயத்தையும் ஒருசேர ஏற்றிப் பார்ப்பது நல்ல வழக்கம். பூஞ்சை பெரும்பாலும் இறந்த மையப் பகுதியில்தான் இருக்கும் என்பதால், சாயம் ஏற்றத் தேர்ந்தெடுக்கும் மெழுகுக் கட்டியில் அந்த மையம் இருக்க வேண்டும்; அழகாகத் தெரியும் ஓரப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதுவது ஏமாற்றத்தில் முடியும்.

நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை தனி இனம். நுண்காற்றுப்பைகளை இளஞ்சிவப்பு நுரை போன்ற ஒரு பொருள் நிரப்பியிருக்கும். வெள்ளிச் சாயத்தில் அந்த நுரைக்குள் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் அளவுள்ள சிறு கிண்ணங்கள், சில நடுவில் ஒரு புள்ளியோடு, சில காற்றிறங்கிய பந்து போல் குழிந்து, கூட்டமாகத் தெரியும். அரும்புகள் இராது. சாதாரண ஆய்வக ஊடகங்களில் இது வளராது என்பதால் இங்கே நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையுமே துணை. வழக்கமான பூஞ்சை மருந்துகள் குறிவைக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு இதன் செல்சவ்வில் இல்லாததால் அவை பலிப்பதில்லை; கோட்ரைமாக்சசோல் என்ற பாக்டீரியா மருந்தே இதற்கு முதன்மைச் சிகிச்சை.

உருவம் ஏமாற்றும் இடங்கள்

உருவத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தை இத்துறையின் வரலாறே சொல்கிறது. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் பனாமா கால்வாய்ப் பகுதியில் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர், காசநோய் போலத் தோன்றிய ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது, பெருவிழுங்கணுக்களுக்குள் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவற்றை ஒருசெல் விலங்கு என்று கருதி, சுற்றித் தெரிந்த வெளிர்வளையத்தை உறை என்று எண்ணி, ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம், அதாவது உறையுள்ளது, என்று பெயரிட்டார். அது பூஞ்சை, அதற்கு உறையும் கிடையாது. அந்த வளையம், திசுவைப் பதப்படுத்தும்போது செல் சுருங்கியதால் உண்டான வெற்றிடம் மட்டுமே. காக்சிடியாய்டிஸை 1892-இல் அர்ஜென்டினாவில் முதலில் கண்ட பொசாடாஸும் அதை ஒருசெல் விலங்கு என்றே எண்ணினார். அந்தப் பிழை அதன் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1909-இல் கார்லோஸ் சாகஸ் பார்த்த நியூமோசிஸ்டிஸ், டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியின் ஒரு பருவமாக எண்ணப்பட்டு, பிறகு நெடுங்காலம் ஒருசெல் விலங்காகவே வகைப்படுத்தப்பட்டு, 1988-இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஆய்வால்தான் பூஞ்சைகளின் பக்கம் வந்து சேர்ந்தது. மூவருமே தேர்ந்த கண் படைத்தவர்கள். உருவத்தைப் பார்த்தார்கள், இனத்தைத் தவறவிட்டார்கள்.

இன்றைய நுண்ணோக்கிக்கும் அந்த எல்லை உண்டு. 45 பாகையில் கிளைக்கும், குறுக்குச்சுவருள்ள இழையை ஆஸ்பர்ஜில்லஸ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஃபியூசேரியம், சீடோஸ்போரியம் ஆகியவையும் திசுவில் அச்சு அசலாக அப்படியே இருக்கும், அவற்றுக்குரிய மருந்துகள் மாறுபடும். ஆஸ்பர்ஜில்லஸிலேயே டெர்ரியஸ் என்ற இனத்துக்கு ஆம்ஃபோடெரிசின்-பி பொதுவாகப் பலிப்பதில்லை. மியூக்கோர் இழையின் மடிப்பு குறுக்குச்சுவர் போல் தோன்றி ஏமாற்றும். சிறிய கேண்டிடா இனம் ஹிஸ்டோபிளாஸ்மாவாகவும், உறை குன்றிய கிரிப்டோகாக்கஸ் வேறு எதுவாகவும் தோன்றலாம். 2009-இல் வெளியான ஒரு பத்தாண்டு மீளாய்வில், வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிடக் கிடைத்த 47 நேர்வுகளில் 37-இல் மட்டுமே உருவம் பார்த்துச் சொன்னது சரியாக இருந்தது. எஞ்சிய 10-இல் இழை வகைகளோ ஈஸ்ட் வகைகளோ ஒன்றுக்கொன்று மாறிப்போயிருந்தன.

பூஞ்சையே அல்லாதவையும் பூஞ்சை வேடம் போடும். வெள்ளிச் சாயத்தை அளவுக்கு மீறி விட்டுவிட்டால் மீள்நார்களும் சளியும்கூடக் கருத்துவிடும். கருத்த சிவப்பணுக்களை நியூமோசிஸ்டிஸ் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. நோகார்டியா, ஆக்டினோமைசிஸ் ஆகிய பாக்டீரியாக்களும் இழைபோல் கிளைத்து வெள்ளியில் கருக்கும். அவற்றின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டாது என்பதே பிரித்தறியும் வழி. இதற்காகத்தான் ஒவ்வொரு முறையும், பூஞ்சை இருப்பதாக முன்பே அறிந்த ஒரு தகட்டையும் உடன் சேர்த்துச் சாயம் ஏற்றி, சாயம் சரியாக வேலை செய்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

இவ்வளவும் தெரிந்த நோயியல் மருத்துவரின் அறிக்கையில் ‘ஆஸ்பர்ஜில்லஸ் தொற்று’ என்ற ஒற்றை வரி பெரும்பாலும் இருக்காது. ‘குறுக்குச்சுவருள்ள, குறுங்கோணத்தில் கிளைக்கும் பூஞ்சை இழைகள், ரத்தக் குழாயை ஊடுருவிய நிலையில் காணப்படுகின்றன, உருவம் ஆஸ்பர்ஜில்லஸோடு ஒத்துப்போகிறது, ஆயினும் ஃபியூசேரியம் முதலானவற்றை விலக்க முடியாது, வளர்ப்புச் சோதனை முடிவோடு இணைத்துப் பார்க்கவும்’ என்பது போல அது அமைந்திருக்கும். இதைப் படிக்கும் நோயாளியின் குடும்பத்தாருக்கு, மருத்துவர் பிடிகொடுக்காமல் எழுதியிருக்கிறார் என்று தோன்றலாம். உண்மையில் அந்த அறிக்கை மூன்று செய்திகளை உறுதியாகச் சொல்லிவிட்டது: இது பூஞ்சை, இது திசுவை ஊடுருவியிருக்கிறது, இது மியூக்கோர் குழு அன்று. மருந்தை இன்றே தொடங்க இவை போதும். பெயரை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறது. கையில் இல்லாத சான்றுக்குப் பெயர் சூட்டாமல் விடுவதுதான் சரி.

பெயருக்காகக் காத்திருக்கும் வளர்ப்புச் சோதனை பூஞ்சைக்குப் பூஞ்சை வேறுபடும் வேகத்தில் முடிவைத் தரும். ஹிஸ்டோபிளாஸ்மா போன்றவற்றுக்கு 4 முதல் 6 வாரங்கள் வரை தட்டுகளை வைத்திருக்க நேரும். வளர்ந்துவிட்டால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் திசுவில் இழைகள் கண்ணெதிரே தெரிந்தும் தட்டில் எதுவும் வளராமல் போவது, சிறப்பாக மியூக்கோர் குழுவில், அரிதன்று. திசுவும் தட்டும் இப்படி முரண்படும்போது, திசுவில் கண்டதை இல்லையென்று ஆக்கத் தட்டால் முடியாது.

வளர்ப்புக்கே அனுப்பாமல் எல்லாத் திசுவும் ஃபார்மலினுக்குள் போய்விட்ட நேர்வுகளில், எஞ்சியிருக்கும் மெழுகுக் கட்டியிலிருந்து பூஞ்சையின் மரபணுவைப் பிரித்தெடுத்து பி.சி.ஆர். முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்து இனத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஃபார்மலின் மரபணு இழையைத் துண்டுதுண்டாக்கிவிடும் என்பதால் குறுகிய பகுதிகளையே இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அப்படியும் பல முறை முடிவு கிடைக்காமல் போகும். காற்றிலும் வேதிப்பொருள்களிலும் மெழுகிலும் பூஞ்சை மரபணுவின் துகள்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், நுண்ணோக்கியில் பூஞ்சை காணப்பட்ட மெழுகுக் கட்டியில் மட்டுமே இச்சோதனையைச் செய்ய வேண்டும். பூஞ்சை எதுவும் கண்ணுக்குத் தென்படாத திசுவிலிருந்து இச்சோதனை ஒரு பூஞ்சையின் பெயரை எடுத்துத் தந்தால், அந்தப் பெயர் நோயாளியின் நுரையீரலிலிருந்து வந்ததா ஆய்வகத்தின் மேசையிலிருந்து வந்ததா என்று சொல்ல வழியில்லை.